பியேரோ கொபெத்தியும் அவர் நடாத்திய வாரப் பத்திரிகையும்

முதலாம் உலக மகாயுத்தத்தின் பின் பாசிசம் முதன்முதல் ஆட்சிபீடம் ஏறிய நாடு இத்தாலி. அவ்வாட்சியை எதிர்த்து நின்றோரின் வரலாற்றைக் கூறப்புகுவோர், பாராளுமன்ற உறுப்பினர் மத்தேயொத்தி கொலையுண்டதையும், கிராம்சி சிறையில் வாடியதையும், ரொசெல்லி சகோதரர் பிரான்சு தேசத்திற் கொல்லப்பட்டதையும் விரித்துரைப்பது வழக்கம். இவர்கள் எல்லோருக்கும் வயதில் இளையவரான ஒருவர், இவர்களோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்கவர், இருபத்தைந்து வயது நிரம்புமுன்னரே மறைந்தார். அவர் கட்சித் தலைவரல்லர், பாராளுமன்றத்தில் இருந்தவரல்லர், படை திரட்டியவரும் அல்லர். தூரின் நகரத்தில் ஒரு சிறு வாரப் பத்திரிகையை நடாத்தினார், புத்தகங்களைப் பதிப்பித்தார். அவர் பெயர் பியேரோ கொபெத்தி.

1924ஆம் ஆண்டு யூன் மாதம் முதலாந் தேதி, பிரதம மந்திரி முசோலினி தூரின் மாகாணத்து அரசாங்க அதிபருக்கு ஒரு தந்தி அனுப்பினார். கொபெத்தி அண்மையிற் பாரிசுக்குச் சென்று வந்ததாகவும் இப்பொழுது சிசிலித் தீவில் இருப்பதாகவும் கேள்வி. அதனை விசாரித்து அறிவிக்க வேண்டும். அரசாங்கத்துக்கும் பாசிசத்துக்கும் எதிரியான இந்தச் சாரமற்ற மனிதனின் வாழ்க்கையை மறுபடியும் கடினமாக்குவதற்கு ஆவன செய்ய வேண்டும் என்பது அத்தந்தியின் கருத்து. சாரமற்ற மனிதன் ஒருவன் பொருட்டு ஒரு நாட்டின் பிரதம மந்திரி தந்தி அனுப்புவானேன் என்ற வினா எழுவது இயல்பே. 'மறுபடியும்' என்னுஞ் சொல்லும் கருதத்தக்கது. அவ்வாழ்க்கை முன்னரும் கடினமாக்கப்பட்டது என்பதை அச்சொல் புலப்படுத்துகின்றது. அப்போது கொபெத்திக்கு வயது இருபத்திரண்டு. பாராளுமன்றத்திற் பெரும்பான்மையும், தெருவிலே கருஞ்சட்டைப் படையும் உடைய ஒருவர் இவ்விளைஞரை ஏன் பொருட்படுத்தினார் என்பதை அறிவதற்கு அவர் எழுதியவற்றையும் எழுதிய இடத்தையும் நோக்குதல் வேண்டும்.

கொபெத்தி 1901ஆம் ஆண்டு யூன் 19ஆம் தேதி தூரினிற் பிறந்தார். பெற்றோர் பலசரக்குக் கடை நடாத்தியவர்கள். கிராமத்தை விட்டு நகரத்துக்கு வந்து, ஓய்வொழிச்சலின்றி உழைத்து முன்னேறியவர்கள். வீட்டிற் புத்தகங்கள் இருந்ததாகச் சொல்வதற்கில்லை. மகனோ பள்ளிப் பருவத்திலேயே படிப்பிற் பெருவேட்கை கொண்டவரானார். 1918ஆம் ஆண்டு நவம்பர் முதலாந் தேதி, யுத்தம் முடிவடையுந் தறுவாயில், 'புதிய ஆற்றல்கள்' என்று பொருள்படும் பெயருடன் ஒரு மாதமிருமுறைப் பத்திரிகையைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது பதினேழு. கல்லூரி மாணவர் கையெழுத்துப் பத்திரிகை நடாத்துவது எங்கும் உள்ளதே. ஆயினும் இப்பத்திரிகையிற் பொருளியல், கல்விச் சீர்திருத்தம், உருசியப் புரட்சி என்பன பற்றி எழுதப்பட்டவற்றை நாடறிந்த அறிஞர் படித்தனர் என்பது சாதாரணமன்று. வரலாற்றாசிரியர் சல்வேமினி இவ்விளைஞரைக் கவனித்தார். அக்காலத்தில் அதே வீட்டுத் தொகுதியில் வசித்த அதா புரொஸ்பெரோ என்னும் மாணவியைத் தம் பத்திரிகைக்கு எழுதுமாறு கொபெத்தி கேட்டார். இருவரும் சேர்ந்து உருசிய மொழி கற்று, உருசியக் கதைகளை இத்தாலிய மொழியிற் பெயர்த்தனர். 1923ஆம் ஆண்டு சனவரியில் இருவருக்கும் திருமணம் நடந்தது.

தூரின் பல்கலைக்கழகத்தில் அவர் சட்டம் பயின்றார். அங்கு அவருடைய ஆசிரியர்களுள் ஒருவர் பொருளியலறிஞர் லூயிஜி எயினௌடி. 1948 முதல் 1955 வரை இத்தாலியக் குடியரசின் தலைவராக இருந்தவர் இவரே. அரசு எவர்க்கும் சலுகை காட்டலாகாது, போட்டியும் முயற்சியுமே சமுதாயத்தை வளர்ப்பன என்ற கொள்கையைக் கொபெத்தி எயினௌடியிடம் கற்றார். ஆனால் அவருக்குக் கல்வி புகட்டியது பல்கலைக்கழகம் மட்டுமன்று. தூரின் நகரமே மற்றோர் ஆசிரியராக அமைந்தது. 1861இல் ஒன்றுபட்ட இத்தாலியின் முதலாவது தலைநகராயிருந்து, சில ஆண்டுகளில் அப்பெருமையை இழந்து, பின்பு மோட்டார் வண்டித் தொழிலாற் புத்துயிர் பெற்ற நகரம் அது. பியற் தொழிற்சாலை அங்கே 1899இல் நிறுவப்பட்டது. யுத்த காலத்தில் ஆயிரக்கணக்கான தொழிலாளர் அங்கு வந்து குவிந்தனர். 1920ஆம் ஆண்டு செப்டெம்பரில் அத்தொழிலாளர், தொழிற்சாலைகளைத் தாமே கைப்பற்றி, தம்முள் தெரிவு செய்த மன்றங்களின் மூலம் வேலைகளை நடாத்தினர். சில வாரங்களில் அம்முயற்சி முடிவுற்றது. முதலாளிமார் அதைக் கண்டு அஞ்சினர். தாராண்மைக் கட்சியினர் அஞ்சினர். தாராண்மைக் கொள்கையினராகிய கொபெத்தியோ மகிழ்ந்தார்.

இது முரண்பாடு போலத் தோன்றும். அவருடைய சிந்தனையின் முடிச்சு இங்கேதான் உள்ளது. தாராண்மை என்பது பொருளுடையோரின் கட்சிக்குரிய பெயரன்று. தம் காரியத்தைத் தாமே பொறுப்பேற்று நடாத்தும் மக்கள் எங்கே தோன்றுகின்றனரோ அங்கே தாராண்மை தோன்றுகின்றது என்று அவர் கருதினார். மேலிருந்து அளிக்கப்படும் சுதந்திரம் சுதந்திரமாகாது என்பது அவர் துணிபு. எனவே, ஒருவரிடமும் கை நீட்டாமல் தொழிற்சாலையை நடாத்த முற்பட்ட தூரின் தொழிலாளரிடத்து, சலுகைகளுக்காக மந்திரிகளின் வாயிலிற் காத்துநின்ற முதலாளிமாரிடத்துக் காணாத தாராண்மையை அவர் கண்டார். தொழிலாளர் தலைவர் அந்தோனியோ கிராம்சி நடாத்திய பத்திரிகைக்கு அவர் நாடக விமரிசனம் எழுதியதும் இக்காலத்திலேயே. அதனால் அவர் பொதுவுடைமைவாதி ஆயினார் என்று கொள்ளலாகாது. அவர் அவ்வாறு ஆகவில்லை என்பதையும், ஆயினும் தொழிலாளர் வகுப்பின் வரலாற்று நிலையை நன்குணர்ந்தவர் என்பதையும் 1926இல் எழுதிய ஒரு கட்டுரையிற் கிராம்சியே எடுத்துக் கூறினார்.

1922ஆம் ஆண்டு பெப்ரவரி 12ஆம் தேதி 'லா ரிவொலுசியோனே லிபராலே' என்னும் வாரப் பத்திரிகையின் முதல் இதழ் வெளிவந்தது. 'தாராண்மைப் புரட்சி' என்பது அப்பெயரின் பொருள். ஆசிரியர், அச்சுப்படி திருத்துபவர், வெளியீட்டாளர் ஆகிய எல்லாம் பெரும்பாலும் கொபெத்தியே. அவ்வாண்டிலேயே கவிஞர் அல்பியேரியின் அரசியற் சிந்தனை பற்றி ஆராய்ந்து பட்டமும் பெற்றார்.

பத்திரிகை தொடங்கி எட்டு மாதங்களில், ஒக்டோபர் 28ஆம் தேதி, கருஞ்சட்டையினர் உரோமாபுரி மீது படையெடுத்துச் செல்வதாகக் கூறிப் புறப்பட்டனர். அரசர் படைச்சட்டத்தைப் பிரகடனஞ் செய்ய மறுத்து, முசோலினியை அழைத்து அரசாங்கத்தை ஒப்படைத்தார். அதற்குச் சில வாரங்களுக்கு முன்பு அப்பத்திரிகையில் நடந்த விவாதம் ஒன்று கற்றோர் யாவரும் கருதத்தக்கது. யுசெப்பே பிரெத்சொலினி என்னும் முதிய எழுத்தாளர், கொபெத்தி பெரிதும் மதித்தவர், ஒரு யோசனையை எழுதி அனுப்பினார். காலம் கொந்தளிப்புடையது, இரு பக்கத்தாரும் பொய் பேசுகின்றனர், அறிவாளிகள் எந்தப் பொய்யையும் விழுங்காதோர் சங்கம் ஒன்றாகச் சேர்ந்து, கட்சிச் சண்டைகளுக்கு அப்பால் நின்று, பண்பாட்டைப் பேணிக் காத்தல் வேண்டும் என்பது அவர் கருத்து. கொபெத்தி அதனை மறுத்தார். சாதாரண காலங்களில் அவ்வாறு ஒதுங்கி நின்று ஆராய்தல் தக்கதே. எழுத்துக்கும் பேச்சுக்குமே இடமில்லாமற் போகும் வேளையில் ஒதுங்கி நிற்பது ஒரு பக்கஞ் சார்வதே ஆகும் என்றார். பொய்யை விழுங்காதோர் சங்கத்துக்குப் பதிலாக வேண்டப்படுவது சாவுக்கு அஞ்சாதோர் அணியே என்ற கருத்துப்பட விடை எழுதினார். இருபத்தொரு வயதினர் ஒருவரின் மிகைப் பேச்சென்று இதனை அன்று சிலர் கருதியிருக்கலாம்.

பாசிசத்தைப் பற்றி அவர் கூறிய விளக்கமே அவரை மற்றை எதிர்க்கட்சியினரிடமிருந்து வேறுபடுத்தியது. அந்நாளிற் பலர் பாசிசத்தை ஒரு காய்ச்சல் என எண்ணினர். சில மாதங்களில் தணியும், பதவிப் பொறுப்பு முசோலினியைப் பக்குவப்படுத்தும் என நம்பினர். முன்னாட் பிரதம மந்திரி ஜொலித்தியும், தத்துவஞானி குரோச்சேயும் தொடக்கத்தில் முசோலினி அரசாங்கத்துக்கு ஆதரவளித்தனர். கொபெத்தியோ, 1922ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் தேதி வெளியிட்ட கட்டுரையில், பாசிசம் ஒரு தேசத்தின் சுயசரிதை என்றார். புறத்திலிருந்து வந்த நோயன்று; இத்தாலியர் தம்மைப் பற்றித் தாமே எழுதிய வாழ்க்கை வரலாறு. நாட்டை ஒன்றுபடுத்திய பெருமுயற்சி ஒரு சிறு கூட்டத்தாரின் செயலாயிருந்தது. பொதுமக்கள் அதிற் பங்குபற்றவில்லை. வட ஐரோப்பாவிற் போல மதச் சீர்திருத்தமும் அங்கு நிகழவில்லை. அதன் பின் வந்த மந்திரிமார் எதிர்க்கட்சியினரைச் சலுகைகளாற் கவர்ந்து தம்வயப்படுத்தி, உண்மையான அரசியற் போராட்டத்துக்கு இடமில்லாமற் செய்தனர். ஆகவே, போராட்டத்தின் தொல்லையை வெறுத்து, யாராவது ஒருவர் எல்லாவற்றையும் தீர்த்து வைக்கட்டும் என்று ஏங்கும் மனப்பான்மை நாட்டிலே வேரூன்றியது. அந்தச் சோம்பலுக்கு முசோலினி உருக்கொடுத்தார் என்பதே கொபெத்தியின் விளக்கம்.

இவ்விளக்கத்திற் சில பகுதிகள் மிகைபடக் கூறப்பட்டவை. ஜொலித்தி பற்றி அவர் எழுதியவை கடுமை மிக்கவை; 1912இல் ஏறக்குறைய எல்லா ஆடவருக்கும் வாக்குரிமை அளித்தவர் ஜொலித்தியே என்பதை அவர் போதிய அளவு மதிப்பிட்டாரல்லர். அக்கட்டுரையின் பெயர் 'கில்லற்றின் வாழ்த்து' என்பது; தலை துணிக்கும் பொறிக்கு வாழ்த்துப் பாடுதல் என்க. கொடுங்கோலன் கொடுங்கோலனாகவே விளங்கட்டும். இடைநிலைச் சமரசங்கள் வேண்டா. அடி விழுந்தால் இத்தாலியர் விழித்தெழுவர் என்று அதில் எழுதினார். அடி விரைவிலேயே விழுந்தது. ஒரு மாதம் ஆகுமுன், 1922 டிசெம்பர் 18ஆம் தேதி தொடங்கித் தூரினிற் கருஞ்சட்டையினர் நிகழ்த்திய வெறியாட்டத்தில் உத்தியோக பூர்வமான கணக்கின்படியே பதினொருவர் மாண்டனர். மக்கள் விழித்தெழவில்லை; அஞ்சி அடங்கினர். 1935இல் எதியோப்பியா மீது படையெடுத்தபோது பெருந்தொகையினர் ஆரவாரஞ் செய்தனர். ஆட்சி வீழ்வதற்கு இருபது ஆண்டுகளுக்கு மேலும், இன்னொரு மகாயுத்தத்தின் தோல்வியும் வேண்டியிருந்தன. கொடுமை தானாகவே மக்களைப் பக்குவப்படுத்தும் என்ற எதிர்பார்ப்பிற் கொபெத்தி தவறினார். ஆனால் நோய் சில மாதங்களில் தணியும் என்றோர் அவரினும் பெரிதாகத் தவறினர்.

1923ஆம் ஆண்டு பெப்ரவரி 6ஆம் தேதி, திருமணமாகி ஒரு மாதம் நிறையுமுன், கொபெத்தி கைது செய்யப்பட்டார். அரசுக்கு எதிராகச் சதி செய்யும் கூட்டத்தாருடன் சேர்ந்தவர் என்பது குற்றச்சாட்டு. சில நாட்களில் விடுவிக்கப்பட்டார்; மே மாத இறுதியில் மீண்டும் கைதானார். அவரோ இவ்வாண்டிலே தம் பெயரால் ஒரு பதிப்பகத்தை நிறுவினார். மூன்று ஆண்டுகளுக்குள் அப்பதிப்பகம் நூற்றுக்கு மேற்பட்ட நூல்களை வெளியிட்டது. எயினௌடி, சல்வேமினி, அமெந்தொலா, கத்தோலிக்க மக்கட் கட்சியின் தலைவரான ஸ்தூர்சோ பாதிரியார் முதலியோரின் நூல்களும், தென்னித்தாலியின் வறுமையை ஆராய்ந்த குயிதோ தொர்சோவின் நூலும், ஆங்கிலப் பேரறிஞர் மில் சுதந்திரம் பற்றி எழுதிய நூலின் மொழிபெயர்ப்பும் அவற்றுட் சில. 1925இல் அதிகம் அறியப்படாத இளங்கவிஞர் ஒருவரின் முதற் கவிதைத் தொகுதியையும் அவரே பதிப்பித்தார். அக்கவிஞர் யூஜேனியோ மொந்தாலே; ஐம்பது ஆண்டுகளின் பின், 1975இல், நோபல் பரிசு பெற்றவர். பதிப்பகத்தின் சின்னத்தை ஓவியர் கசொராத்தி வரைந்தார். அடிமைகளோடு தமக்கு என்ன உறவு எனக் கேட்கும் ஒரு வாக்கியம் அதிலே கிரேக்க மொழியிற் பொறிக்கப்பட்டிருந்தது. அல்பியேரியின் கருத்தைத் தழுவிய வாக்கியம் அது. கிரேக்கம் கற்ற பொலிசார் எத்தனை பேர் இருந்தனரோ!

தந்தி வந்தது இவ்வாறான நிலையிலேயே. யூன் 9ஆம் தேதி கொபெத்தியின் வீடு சோதனையிடப்பட்டுக் கடதாசிகள் கவரப்பட்டன. மறுநாள் உரோமாபுரியில் சோசலிச உறுப்பினர் மத்தேயொத்தி பட்டப்பகலிற் கடத்திச் செல்லப்பட்டுக் கொல்லப்பட்டார். தேர்தலில் நடந்த வன்முறைகளை மே 30ஆம் தேதி பாராளுமன்றத்தில் அவர் அம்பலப்படுத்தியிருந்தார். அவரது உடல் ஓகத்து மாதத்திலேதான் கண்டெடுக்கப்பட்டது. நாடு முழுவதும் கலங்கிய அந்நாட்களில், முசோலினி ஆட்சி சரிந்துவிடும் என்று பலர் நினைத்தனர். எதிர்க்கட்சி உறுப்பினர் பாராளுமன்றத்தை விட்டு வெளியேறி, அரசர் தலையிடுவார் எனக் காத்திருந்தனர். அரசர் தலையிடவில்லை. காத்திருத்தல் போதாது என்று வாரந்தோறும் எழுதிய கொபெத்தி, தம் பத்திரிகை வாசகரைக் கொண்டு பல நகரங்களிற் சிறு குழுக்களை அமைத்தார். மத்தேயொத்தியைப் பற்றி அவர் வெளியிட்ட சிறு நூல், கண்ணீர் வடிக்கும் அஞ்சலியாக அமையாமல், கணக்குப் புத்தகங்களையும் கிராம சபைகளின் வரவு செலவுகளையும் நுணுகி ஆராய்ந்து உழைத்த ஒரு மனிதரின் உருவத்தைத் தீட்டியது. தம் மனத்துக்குகந்த எதிர்ப்பாளர் எத்தன்மையர் என்பதை அவர் அங்கே உணர்த்தினார் என்னலாம்.

செப்டெம்பர் 5ஆம் தேதி கருஞ்சட்டையினர் சிலர் கொபெத்தியைத் தாக்கினர். போரிற் கண்களையும் கைகளையும் இழந்தவரும் பாசிச அரசை ஆதரித்தவருமான டெல்குரோவா என்பவரைக் குறித்து அவர் எழுதிய சிறு குறிப்பு, ஊனமுற்ற வீரரை இழிவுபடுத்தியது எனத் திரித்துக் காட்டப்பட்டது. அதுவே தாக்குதலுக்குச் சாட்டாயிற்று. கொபெத்தியின் இதயம் பலவீனமுற்றது. இறுதிவரை அவர் பூரண சுகம் பெறவில்லை.

ஆயினும் பத்திரிகையை ஒழித்தது தடியன்று. அதைச் செய்தது சட்டம். ஒவ்வொரு பத்திரிகைக்கும் சட்டப்படி பொறுப்பாளர் ஒருவர் இருத்தல் வேண்டும் என்பது இத்தாலியிற் பழைய விதி. 1923இல் வரைந்து வைக்கப்பட்டு, மத்தேயொத்தி கொலையின் பின் 1924 யூலையில் நடைமுறைக்கு வந்த கட்டளை, அரசாங்க அதிபருக்கு ஒரு புது அதிகாரத்தை அளித்தது. பொதுமக்கள் மனத்தைக் கலக்குவதாகவோ அரசின் நற்பெயரைக் குலைப்பதாகவோ அவர் கருதினாற் பொறுப்பாளருக்கு எச்சரிக்கை விடுக்கலாம். ஓராண்டில் இரண்டு எச்சரிக்கை பெற்ற பொறுப்பாளரை அங்கீகரிக்க மறுக்கலாம். பொறுப்பாளரில்லையேற் பத்திரிகை இல்லை. நீதிமன்றம் இடையில் வரவேண்டியதில்லை. இதனோடு இதழ்களைப் பறிமுதல் செய்யும் அதிகாரமும் சேர்ந்தது. அச்சுக் கோத்து, கடதாசி வாங்கி, அச்சிட்டு முடித்த பின்பே இதழ் பறிமுதல் செய்யப்படும்; செலவு முழுவதும் ஆசிரியர் தலையில் விழும். பெரும் பத்திரிகைகள் இதைச் சில காலந் தாங்கும். சந்தாப் பணத்தால் மட்டும் வாழும் வாரப் பத்திரிகைக்கு ஒவ்வொரு பறிமுதலும் உயிரில் ஒரு பங்கைக் குறைப்பதாகும். 1925ஆம் ஆண்டு முழுவதும் 'தாராண்மைப் புரட்சி' இவ்வாறே அடுத்தடுத்துப் பறிமுதலாயிற்று.

1925ஆம் ஆண்டு சனவரி 3ஆம் தேதி முசோலினி பாராளுமன்றத்தில், நிகழ்ந்த யாவற்றுக்கும் தாமே பொறுப்பு என வெளிப்படையாகக் கூறிச் சர்வாதிகாரத்துக்கு வழி திறந்தார். பெரும் பத்திரிகைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைமாறின. மிலான் நகரத்தில் 'கொறியெறே தெல்லா சேரா' பத்திரிகையைக் கால் நூற்றாண்டு நடாத்திய அல்பெர்த்தினி அவ்வாண்டு நவம்பரில் வெளியேற்றப்பட்டார். தமக்கு நேரவிருப்பதைக் கொபெத்தி உணர்ந்திருந்தார். 1924 டிசெம்பரிலேயே 'இல் பரெத்தி' என்னும் இலக்கியப் பத்திரிகை ஒன்றைத் தொடங்கினார். பதினெட்டாம் நூற்றாண்டிற் கசையடி போன்ற விமரிசனம் எழுதிய தூரின் எழுத்தாளர் ஒருவரின் பெயர் அது. அரசியல் எழுத இயலாவிடின் இலக்கியத்தின் வாயிலாக இளைஞரை ஐரோப்பிய சிந்தனையோடு இணைத்து வைக்கலாம் என்பது நோக்கம். 'தாராண்மைப் புரட்சி' இதழ்களுள் இறுதியானது 1925 நவம்பர் 8ஆம் தேதி வெளிவந்தது. அதனையடுத்துப் பத்திரிகைத் தொழில், பதிப்புத் தொழில் இரண்டையும் முற்றாக நிறுத்த வேண்டும் என்று அரசாங்க அதிபரிடமிருந்து கட்டளை வந்தது. அவர் தேசத்துக்கு விரோதமான செயலில் ஈடுபட்டவர் என்பது கூறப்பட்ட காரணம்.

எழுத்தே தொழிலாகக் கொண்ட ஒருவருக்குத் தாய்நாட்டில் இனிச் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. பாரிசுக்குச் சென்று, ஐரோப்பிய வாசகருக்கென ஒரு பதிப்பகம் நிறுவக் கொபெத்தி தீர்மானித்தார். பிறநாட்டிலிருந்து வசைபாடும் அகதியாக வாழ அவர் விரும்பவில்லை. அங்கும் வேலையே செய்ய எண்ணினார். டிசெம்பர் 28ஆம் தேதி மகன் பாவொலோ பிறந்தான். குழந்தைக்கு ஐந்து வாரமாயிருக்கையில், 1926 பெப்ரவரி 3ஆம் தேதி, தந்தை தூரினை விட்டுத் தனியே புறப்பட்டார். இடவசதி அமைந்த பின் மனைவியும் மகனும் வந்து சேர்வதாக ஏற்பாடு. பாரிசு சேர்ந்த சில நாட்களில் அவருக்குச் சுவாசக்குழல் அழற்சி கண்டது. முன்பே நலிந்திருந்த இதயம் அதனைத் தாங்கவில்லை. நோயுற்ற நாட்களில் அருகிருந்து கவனித்தோருள் பிரெத்சொலினியும் ஒருவர். ஒதுங்கி நிற்போர் சங்கம் அமைக்கலாம் என்று எழுதிய அதே பிரெத்சொலினி. பெப்ரவரி 15ஆம் தேதி நள்ளிரவிற் கொபெத்தி காலமானார். பாரிசு நகரத்துப் பேர் லசேய்சு இடுகாட்டில் அவர் உடல் அடக்கஞ் செய்யப்பட்டது.

ஏழு வாரங்களின் பின் அமெந்தொலாவும் பிரான்சு நாட்டில் இறந்தார். அவரும் கருஞ்சட்டையினரின் தாக்குதலாற் படுகாயமுற்றவர். அவ்வாண்டு நவம்பரில் கிராம்சி சிறைப்பட்டார். 'இல் பரெத்தி' நண்பர்களின் முயற்சியால் 1928 வரை வெளிவந்து நின்றுபோயிற்று. ஒரு சிறு வட்டத்தார் தவிர நாடு கொபெத்தியை மறந்தது என்றே அக்கால நிலையை நோக்குவோர் கூறுவர்.

அந்தச் சிறு வட்டத்தில் ஆசிரியர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் அவுகுஸ்தோ மொந்தி. 'தாராண்மைப் புரட்சி'யில் இடையறாது எழுதியவர். தூரினில் உள்ள தாசெலியோ உயர்தரப் பாடசாலையில் இலக்கியம் கற்பித்தவர். பாசிசப் பிரசாரம் பாடசாலைகளை நிறைத்த ஆண்டுகளில் அவர் வகுப்பில் அரசியற் பேச்சு இருந்ததில்லை. தாந்தேயையும் பழைய உரோம ஆசிரியர்களையும் ஒழுங்காகப் படிப்பித்தல் மட்டுமே இருந்தது. அவ்வட்டத்திலிருந்து வெளிவந்தவர்கள் யாவரென நோக்கினால் வியப்புண்டாகும். நாவலாசிரியர் செசாரே பவேசே, இசை விமரிசகர் மசிமோ மீலா, சட்டத் தத்துவ அறிஞர் நொர்பெர்த்தோ பொப்பியோ, உருசிய இலக்கியப் புலவர் லெயோனே கின்ஸ்பேர்க் ஆகியோர் அவர்களுட் சிலர். பொருளியலறிஞர் எயினௌடியின் மகன் ஜூலியோ 1933இல் நிறுவிய பதிப்பகத்தை வளர்த்தவர்கள் இவர்களே. கொபெத்தியின் பதிப்பகம் நிறுத்திய வேலையை அது தொடர்ந்தது என்றால் மிகையாகாது. கின்ஸ்பேர்க் ஆட்சிக்கு விசுவாசப் பிரமாணஞ் செய்ய மறுத்துப் பல்கலைக்கழகப் பதவியை இழந்தார், சிறையும் புகுந்தார், 1944 பெப்ரவரியில் உரோமாபுரிச் சிறைச்சாலையிற் சித்திரவதையின் பின் உயிர் நீத்தார். மொந்தியும் சிறை சென்றார். கொபெத்தியின் பத்திரிகைக்கு எழுதிய கார்லோ ரொசெல்லி, 1929இல் பாரிசு நகரத்தில் 'நீதியும் சுதந்திரமும்' என்ற இயக்கத்தை நிறுவியவர், 1937 யூன் 9ஆம் தேதி தம் சகோதரருடன் கொலையுண்டார். அவ்வியக்கத்தின் பெயரையே பின்னர் மலைகளிற் போர் செய்த தொண்டர் படைகள் பல தாங்கின.

பாசிசம் வீழ்ந்த பின்பு அதன் காரணம் பற்றிய விவாதம் மறுபடி எழுந்தது. 1925இல் முசோலினியைக் கைவிட்டு எதிர்ப்பாளர் அறிக்கையை எழுதிய குரோச்சே, பாசிசம் இத்தாலிய வரலாற்றின் நடுவே வந்த ஓர் அடைப்புக்குறி போன்றது என்றார். அடைப்புக்குறிக்கு முன்னும் பின்னும் உள்ள வாக்கியம் ஒன்றே என்பது அவர் கருத்து. சுயசரிதை என்ற கொபெத்தியின் சொல்லை மற்றொரு சாரார் எடுத்துக்கொண்டனர். முதற் கருத்து, தோல்வியுற்றுச் சிதைந்த நாட்டுக்கு ஆறுதலளித்தது. பழைய வாழ்வைத் தொடர்ந்து நடாத்த இடமளித்தது. இரண்டாவது கருத்து ஆறுதலளிப்பதன்று. 1922இல் யார் யார் வாக்களித்தனர், யார் யார் மௌனஞ் சாதித்தனர், பத்திரிகைகளை விற்றவர் யார், வாங்கியவர் யார் என்று அது கேட்கின்றது. வரலாறு கற்போருக்குப் பயன்படுவது இக்கேள்வியே. குரோச்சேயின் பெயரை இவ்விடத்திற் சொல்லும்போது மற்றொன்றையும் மறைத்தலாகாது. கொபெத்தி இறந்தபின் அவர் மனைவிக்கு ஆலோசகராயும் உற்ற நண்பராயும் பல ஆண்டுகள் விளங்கியவர் குரோச்சேயே.

அதா கொபெத்தி தூரினிற் பப்ரோ வீதி ஆறாம் இலக்க வீட்டிலே, முன்பு பதிப்பகம் இயங்கிய அவ்வீட்டிலேயே, தங்கியிருந்தார். ஆங்கிலம் கற்பித்தும் மொழிபெயர்த்தும் மகனை வளர்த்தார். பொலிசாரின் கண்காணிப்புக்கிடையில் அவ்வீடு எதிர்ப்பாளர் கூடுமிடமாக இருந்து வந்தது. 1943 செப்டெம்பரில் ஜெர்மானியப் படைகள் தூரினைப் பிடித்தபோது, தாயும் பதினேழு வயது மகனும் அல்ப்ஸ் மலைச்சாரலிலுள்ள சூசா பள்ளத்தாக்கில் எதிர்ப்புப் படையினருடன் சேர்ந்தனர். 1944ஆம் ஆண்டு இறுதியில், பனி மூடிய மலைக் கணவாயைக் கால்நடையாகக் கடந்து பிரான்சுக்குச் சென்று, அங்குள்ள நேச நாட்டினருடன் தொடர்பு கொண்டு திரும்பினர். 1945 ஏப்பிரிலில் தூரின் விடுதலையடைந்ததும் அதா அந்நகரின் உப நகரபிதாவாக நியமிக்கப்பட்டார். அப்பதவியில் அமர்ந்த முதற் பெண்மணி அவரே. மலைகளில் இரகசியமாக எழுதி வைத்திருந்த குறிப்புகளைக் கொண்டு அவர் இயற்றிய நாட்குறிப்பு 1956இல் ஜூலியோ எயினௌடியின் பதிப்பகத்தினால் வெளியிடப்பட்டது. 1961இல் பப்ரோ வீதி வீடு கொபெத்தி ஆய்வு நிலையமாயிற்று. அவருடைய புத்தகங்களும் கையெழுத்துப் படிகளும், நாற்பத்தைந்து மாதங்களுக்குள் முடிந்துபோன அவ்வாரப் பத்திரிகையின் இதழ்களும் அங்கே சேர்த்து வைக்கப்பட்டன.